செங்டு பாண்டா ட்ரிப், 6 நாள், தனியா பேக்பேக் மாட்டிக்கிட்டு... பிளான் பாத்து சொல்லுங்க

மூட்டைத்தூக்கி:

வணக்கம் மக்களே. சொந்த ஊர் திருப்பூர், வேலை சிங்கப்பூர்ல, பாஸ்போர்ட் இந்தியாதான். விசா கைக்கு வந்துருச்சு, அதப்பத்தி கேள்வி இல்ல. இங்க ரிவர் வொண்டர்ஸ்னு ஒரு ஜூல காய் காய், ஜியா ஜியான்னு ஒரு பாண்டா ஜோடி இருக்கு, அதுங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல லெ லென்னு ஒரு குட்டி பொறந்துச்சு, நான் லீவு கெடச்சா அங்கதான் போயி நிப்பேன், ரூம்ல பசங்க எல்லாம் பயங்கர கிண்டல். 2024 ஜனவரில அத சைனாவுக்கு அனுப்பிட்டாங்க, எந்த நாட்டுல பொறந்தாலும் குட்டி சைனாவுக்குத்தான் சொந்தம்னு ஒப்பந்தமாம். அப்ப இருந்தே செங்டு போகணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, இப்பதான் லீவும் காசும் ஒண்ணா அமைஞ்சிருக்கு.

பிளான் இதான். செப்டம்பர் 30 ராத்திரி செங்டு எறங்கறேன். 1ம் தேதி காலைல பாண்டா, மதியம் லெஷான் பெரிய புத்தர். 2, 3 ஜியுஜாய்கோ, அந்த கலர் கலரா ஏரி இருக்கற பள்ளத்தாக்கு. 4 ஜாங்ஜியாஜியே, அந்த தூண் தூணா நிக்கற மலை இருக்கே அது. 5 திரும்ப செங்டு, 6 ஃப்ளைட்.

பாண்டாவ மடில வச்சு போட்டோ எடுக்கற மாதிரி பழைய வீடியோ பாத்தேன், இப்பவும் உண்டா, எவ்ளோ ஆகும்? டிக்கெட் அங்கயே போயி வாங்கிக்கலாமா? நான் மாடு சாப்பிட மாட்டேன், மத்ததெல்லாம் ஓகே, சமாளிக்க முடியுமா? சைனீஸ் ஒரு வார்த்தை தெரியாது, பட்ஜெட் டைட்டு, ஹாஸ்டல்தான். போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

பினாங்குகாரி:

தம்பி மொதல்ல அந்த தேதிய மாத்துங்க லா!! அக்டோபர் 1ல இருந்து 7 வரைக்கும் சைனால தேசிய நாள் லீவு, நாடே பொட்டி கட்டிக்கிட்டு கெளம்பிரும். நான் ஒரு தடவ விவரம் தெரியாம அந்த வாரத்துல போயி மாட்டுனேன், பாண்டாவ பாக்கல, பாண்டாவ பாக்கறவங்க முதுகத்தான் பாத்தேன். ட்ரெயின் டிக்கெட்டும் கெடைக்காது, ரூம் வாடகையும் ஏறிரும். நவம்பர்க்கு தள்ளி வைங்க, குளிர் அளவாத்தான் இருக்கும், ஜாக்கெட் ஒண்ணு போதும், கின்கோ மரம் எல்லாம் மஞ்சளாகி ரோடு பூரா கொட்டிக் கெடக்கும், அந்த ஊருக்கு அதுதான் நகர மரம்.

பாண்டாவ மடில தூக்கறது எல்லாம் முடிஞ்ச கதை. இப்ப யாருக்கும் குடுக்கறதில்ல, யாராச்சும் காசு வாங்கிட்டு ஏற்பாடு பண்றேன்னு சொன்னா நம்பாதீங்க. நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ் பாண்டாவையும் கொல்லும், ஷான்ஷி மாகாணத்துல ஒரு மையத்துல 2014 கடைசில இருந்து அப்படி செத்தே போயிருக்கு, ஆளாளுக்கு தொட்டா என்ன ஆகும் சொல்லுங்க.

செங்டு பாண்டா பேஸ், அதான் பாண்டா வளக்கற மையம், டிக்கெட் 55 யுவான். கேட்ல போயி நின்னு வாங்கிக்கலாம்னு நெனைக்காதீங்க, முன்னாடியே ஆன்லைன்ல பாஸ்போர்ட் நம்பர் போட்டு, தேதி, காலையா மதியமான்னு எல்லாம் தேர்ந்தெடுத்து புக் பண்ணணும். போகும்போது ஒரிஜினல் பாஸ்போர்ட், ஜெராக்ஸ் வேலைக்கு ஆகாது. மெட்ரோ 3ம் லைன்ல பாண்டா அவென்யூ ஸ்டேஷன் (சைனீஸ்ல ஷியோங்மாவ் தாதாவ்), அங்க இருந்து பஸ் இருக்கு. கேட் 7.30க்கு தொறக்கறாங்க, நீங்க அதுக்கு முன்னாடி அங்க நிக்கணும். ஏன்னா அதுங்க காலைல சாப்பிடும், அப்புறம் படுத்துரும், அவ்ளோதான். வெயில் 26 டிகிரி தாண்டுச்சுன்னா வெளியவே விடாம ஏசி ரூம்ல வச்சிருவாங்க. ஜூலை ஆகஸ்ட்ல 11 மணிக்கு மேல போனவங்க கண்ணாடி வழியா ஒரு வெள்ள முதுகு படுத்திருக்கறத பாத்துட்டு வந்து 'பாண்டா ஓவர் பில்டப்'னு எழுதுவாங்க, கேக்கவே கோவம் வரும்.

லெ லெ கதை படிச்சு எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க மலேசியாவுல ஜூ நெகாராவுல இருந்த ஷிங் ஷிங், லியாங் லியாங் ரெண்டும் 2025 மே மாசம் திரும்பிப் போயிருச்சு, இங்க பொறந்த மூணு குட்டியும் அதுக்கு முன்னாடியே போயாச்சு.

மூட்டைத்தூக்கி:

ஐயோ அக்கா, நல்லவேளை இங்க கேட்டேன், ஃப்ளைட் இன்னும் போடல. நவம்பர் நடுவுல மாத்திக்கறேன். மத்த பிளான் ஓகேவா?

லுசோவு ரிட்டர்ன்:

ஓகே இல்ல நண்பா. நான் செங்டு இருக்கற அதே சிச்சுவான் மாகாணத்துல எம்பிபிஎஸ் படிச்சவன், ஆறு வருஷம் அந்த ஊர் சாப்பாட்டுல வளந்த ஒடம்பு இது, அந்த உரிமைல சொல்றேன், ஜாங்ஜியாஜியேவ தூக்கி வெளிய போடு. அது ஹூனான் மாகாணம், திருப்பூர்ல இருந்து கெளம்பி போற வழில பூரிய பாத்துட்டு வர்றேன்னு சொல்ற மாதிரி இருக்கு. ஜியுஜாய்கோவும் செங்டுல இருந்து 300 கிலோமீட்டர்க்கு மேல, 2024 ஆகஸ்ட்ல இருந்து அந்தப் பக்கம் ஹை ஸ்பீட் ட்ரெயின் ஓடுது, ஆனா ஸ்டேஷன்ல எறங்கி இன்னும் ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல பஸ் இருக்கு. ஆறு நாள்ல செங்டுவும் லெஷானும் பாண்டாவும் பாத்தாலே ஜாஸ்தி. லெஷான் ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான், 71 மீட்டர் புத்தர், 713ல செதுக்க ஆரம்பிச்சு 803ல முடிச்சிருக்காங்க, ஒரு முழு நாள் ஒதுக்கு, பாண்டா பாத்த அன்னைக்கே மதியம் போறேன்னு நிக்காத. பாண்டா பேஸ்ல நடந்து முடிக்கும்போது காலு ரெண்டும் தனியா வந்துரும், அவ்ளோ பெருசு அந்த எடம்.

இப்ப மாடு விஷயத்துக்கு வர்றேன், இத யாரும் சொல்ல மாட்டாங்க, கவனமா படி. ஹாட்பாட் கடைல நீ கோழியும் காளானும் மட்டும் ஆர்டர் பண்ணாலும் அந்த செவப்பு குழம்பு இருக்கு பாரு, அதோட அடிப்படையே மாட்டுக்கொழுப்பு. கட்டி கட்டியா உருக்கி ஊத்துவாங்க, அதுல இருந்துதான் அந்த வாசனையே. எங்க பேட்ச்ல பாதி பேர் ஒரு வருஷம் கழிச்சுதான் இத தெரிஞ்சுக்கிட்டாங்க, நான் உட்பட. அதனால கடைக்குள்ள போனதும் 'ச்சிங் யோ'ன்னு கேளு, அது கடுகு எண்ணெய் மாதிரி தாவர எண்ணெய்ல பண்றது, 'நியூ யோ'ன்னா மாட்டுக்கொழுப்பு. மாப்போ டோஃபுவும் அப்படித்தான், டோஃபுதானேன்னு நம்பி வாங்கிராத, செங்டு முறைப்படி மேல தூவறது கொத்துன மாட்டுக்கறி. 'வோ பு ச்சிர் நியூ ரோ', நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன், இத போன்ல சைனீஸ்ல அடிச்சு ஸ்க்ரீன்ஷாட் வச்சுக்க, நீ வாயால சொன்னா புரியாது, தொனி தப்பா வரும்.

காரம் பத்தி. நம்ம ஊர் ரோட்டுக்கடை ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸுக்கும் இதுக்கும் பேரத் தவிர சொந்தமே கெடையாது. இங்க மெளகா காரம் ஒரு பக்கம், ஹுவாஜியாவ்னு ஒரு காய் இருக்கு, அதக் கடிச்சா காரம் இல்ல, நாக்கு ஜிவ்வுன்னு மரத்துப் போகும், பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி. மொத நாள் பயப்படாத, அலர்ஜி இல்ல அது. 'வெய் லா'ன்னா கொஞ்சமா காரம், ஆனா அவங்க கொஞ்சமும் நம்ம கொஞ்சமும் வேற. தொட்டுக்க நல்லெண்ணெய்ல பூண்டு நசுக்கிப் போட்டு தருவாங்க, அதுல முக்கி சாப்பிட்டா சூடும் காரமும் அடங்கும், அந்த ஒரு விஷயத்துல மட்டும் அது எனக்கு சொந்த ஊராவே தெரிஞ்சுச்சு.

ரெண்டு நாள் தாக்குப் பிடிக்க முடியலன்னா வென்ஷு யுவான் மடத்துக்கோ தாசி கோயிலுக்கோ போயிரு, ரெண்டுலயும் சைவ சாப்பாடு உண்டு. யுவான் சுவாங் ஸ்கூல் பாடத்துல படிச்சிருப்போம்ல, காஞ்சிபுரம் வந்துட்டுப் போனவரு, அவர் 622ல முழு துறவியா ஆனது செங்டுலதான், தாசி கோயில்லதான்னு சொல்றாங்க. பக்கத்துலயே பெரிய பெரிய பிராண்ட் கடை தெரு, நடுவுல அந்தக் கோயில் பாட்டுக்கு அமைதியா இருக்கும்.

நடைராசா:

எல்லாரும் செங்டு பேஸையே சொல்லுறியள், நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போறன். நான் வசந்தத்தில போனனான், அங்கை சனம் எண்டால் அப்பிடிச் சனம். ஹுவா ஹுவா எண்டு ஒரு பாண்டா இருக்குது, 2020 ஜூலை 4 பிறந்தது, கழுத்தும் இல்லை காலும் கட்டை, சோத்துருண்டை மாதிரி இருக்கும், மற்றப் பாண்டாக்கள் அதின்ரை மூங்கிலைப் பறிச்சாலும் பேசாமல் இருக்கும், அதுக்காகவே நாடு முழுக்கப் பைத்தியமா நிக்குது. ரெண்டு மணித்தியாலம் கியூவில நிண்டால் மூண்டு நிமிசம் பாக்க விடுவினம், பிறகு காவலாளி மைக்கில கத்திக் கத்திக் கலைப்பார். நான் நிக்கேல்லை, விட்டிட்டு வந்திட்டன்.

என்ர கதையைக் கேட்டால் துஜியாங்யான் பக்கம் போங்கோ. மெட்ரோவில ஷீப்பு எண்ட ஸ்டேஷனுக்குப் போய் அங்கையிருந்து ட்ரெயின், அரை மணித்தியாலம் சொச்சம், பத்துப் பதினைஞ்சு யுவானுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா கவனம், அந்தப் பேரில ரெண்டு இடம் இருக்குது. ஒண்டு பாண்டா வேலி, அது செங்டு பேஸின்ரை கிளை. மற்றது சிங்செங் மலையடியில இருக்கிற துஜியாங்யான் பாண்டா பேஸ், அது வேறை நிர்வாகம், வோலோங் எண்ட மலைப்பக்கத்துப் பாண்டா மையத்து ஆக்களின்ரை. நான் போனது ரெண்டாவதுக்கு. அங்கை வயசு போனதுகள், வருத்தக்காரப் பாண்டாக்கள், வெளிநாட்டில இருந்து திரும்பி வந்ததுகள் எண்டு வைச்சிருக்கினம். சனம் குறைவு. ஒரு கிழட்டுப் பாண்டாவுக்கு முன்னால முக்கால் மணித்தியாலம் நானும் ஒரு சீனப் பாட்டியும் மட்டும்தான் நிண்டம்.

வோலோங்கில இருந்த மையம் 2008 மே 12 பூகம்பத்தில சிதைஞ்சு போச்சுது, மாவ் மாவ் எண்டொரு தாய்ப் பாண்டாவும் செத்தது. மிச்சத்தை எல்லாம் யாஆன் பக்கம் கொண்டு போய்த்தான் காப்பாத்தினவை. பிறகு வோலோங்கிலயே வேறை இடத்தில கட்டினவை, ஷென்ஷுபிங் எண்டு. அங்கையும் போகலாம், ஆனா மலைப்பாதை, வாகனம் பிடிக்கோணும், உங்கட பட்ஜெட்டுக்கு இடிக்கும்.

துஜியாங்யான் போனால் ஆத்தையும் பாருங்கோ. கி.மு. 256ல லீ பிங் எண்ட ஆளுநர் செய்தது, ஆத்தை மறிச்சு அணை கட்டேல்லை, நடுவில மீன் வாய் மாதிரி ஒரு மேடு வைச்சு ரெண்டாப் பிரிச்சு விட்டிருக்கிறார், இண்டைக்கும் வயலுக்குத் தண்ணி போகுது. நான் இரணைமடுக் குளத்துத் தண்ணியில விளைஞ்ச நெல்லுத் திண்டு வளந்த ஆள், பாண்டாவை விட அதிலதான் கூட நேரம் நிண்டன், உண்மையைச் சொல்லுறன்.

பினாங்குகாரி:

நடைராசா அண்ணா சொல்றது சரிதான், ஆனா மொதல் தடவ போறவங்க செங்டு பேஸ விட்டா வருத்தப்படுவாங்க. 1987ல காட்டுல நோயும் பட்டினியுமா கெடந்த ஆறு பாண்டாவ காப்பாத்தி கொண்டாந்து ஆரம்பிச்சது அது. பொண்ணு பாண்டா வருஷத்துக்கு ஒரு தடவ, ரெண்டு மூணு நாள்தான் கருத்தரிக்கற நெலைல இருக்கும், குட்டி பொறந்தா 100 கிராம் சுமார், அம்மா 100 கிலோ. ரெட்டை பொறந்தா அம்மா ஒண்ணத்தான் பாத்துக்கும், இன்னொண்ண விட்டுரும். அதனால ஆளுங்க ஒண்ண இன்குபேட்டர்ல வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அம்மாகிட்ட குடுத்து ரெண்டையும் பொழைக்க வைக்கறாங்க, அம்மாவுக்கு தெரியாமலே! இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு போயி பாத்தா வெறும் ஜூ மாதிரி தெரியாது. காட்டுல இருக்கறதே 1,864தான், 2014ல முடிஞ்ச கணக்கு.

ஹுவா ஹுவா கியூ மட்டும் நானும் வேணாம்னுதான் சொல்வேன். நின்னேன் லா, ஒண்ணே முக்கால் மணி நேரம், அது தூங்கிட்டு இருந்துச்சு.

கணக்குப்பிள்ளை:

பாண்டா சண்டைய நீங்க பாருங்க, நான் காசு விஷயம் சொல்றேன். கைல யுவான் நோட்டு கொஞ்சமா போதும், அலிபேன்னு பணம் கட்டற ஆப்ல உங்க விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ ஏத்திக்கோங்க, டீக்கடை வரைக்கும் க்யூஆர்தான். ஒரு பில்லு 200 யுவானுக்குள்ள இருந்தா எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல, தாண்டுனா 3 சதவீதம் புடிப்பாங்க. டாக்ஸிக்கு டிடி, அதுவும் அலிபேக்குள்ளயே இருக்கு. கூகுள், வாட்ஸப் அங்க ஓடாது, சிங்கப்பூர் சிம்ல ரோமிங் போட்டா ஓடும், ஹாஸ்டல் வைஃபைல போட்டா ஓடாது, மேப்புக்கு ஆமேப் எறக்கிக்கோங்க.

முக்கியமா பவர்பேங்க். 2025 ஜூன் 28ல இருந்து சைனா உள்ளூர் ஃப்ளைட்ல 3சி முத்திரை (சைனாவோட தரச் சான்று) இல்லாத பவர்பேங்க்க ஏத்த விடறதில்ல, அங்கயே புடுங்கி வச்சிருவாங்க. உள்ள ட்ரெயின்லதான் சுத்தறீங்கன்னா இந்தத் தொல்லை இல்ல.

இன்னொண்ணு, ஹாஸ்டல் புக் பண்றதுக்கு முன்னாடி வெளிநாட்டுக்காரங்கள எடுத்துக்குவாங்களான்னு மெசேஜ் போட்டு கேளுங்க. போலீஸ்ல பதிவு பண்ணணும்ங்கறதால சின்ன எடங்கள்ல பாஸ்போர்ட்ட பாத்ததும் தலைய ஆட்டிருவாங்க, எனக்கு ராத்திரி 11 மணிக்கு நடந்துச்சு, மூட்டையோட ரோட்டுல நின்னேன்.

மூட்டைத்தூக்கி:

போயிட்டு வந்துட்டேன்!! எல்லாருக்கும் பெரிய கும்புடு. நவம்பர் நடுவுல போனேன், ஜாங்ஜியாஜியே ஜியுஜாய்கோ ரெண்டையும் தூக்கிட்டேன், அஞ்சு ராத்திரியும் ஒரே ஹாஸ்டல், வென்ஷு யுவான் பக்கத்துல, டார்ம் பெட் 60 யுவான், கேட்டுட்டுத்தான் புக் பண்ணேன் கணக்குப்பிள்ளை சார்.

பாண்டா பேஸ்க்கு ஏழு மணிக்கெல்லாம் போயிட்டேன், நான்தான் மொதல் ஆளுன்னு நெனச்சா எனக்கு முன்னாடி முந்நூறு பேர் இருந்திருப்பாங்க, கேட் தொறந்ததும் அத்தன பேரும் ஹுவா ஹுவாவுக்கு ஓடறாங்க, பாட்டி எல்லாம் ஓடுது, நான் அக்கா சொன்ன மாதிரி எதிர்ப்பக்கம் திரும்பி மேட்டுல ஏறிட்டேன். அங்க ஒரு பெரிய பாண்டா முதுக காட்டிக்கிட்டு உக்காந்து மூங்கில் தின்னுக்கிட்டு இருந்துச்சு. சுத்தி ஒரு நாலஞ்சு பேர்தான். அந்த சத்தத்த நான் எதிர்பாக்கவே இல்ல, சிங்கப்பூர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்ததுல சத்தமே கேட்டதில்ல, இங்க பொங்கலுக்கு கரும்ப பல்லால உரிச்சு கடிக்கற அதே சத்தம், மடக்கு மடக்குன்னு. கைல ஆறாவது வெரல் மாதிரி ஒரு எலும்பு இருக்குன்னு படிச்சிருக்கேன், அதுல மூங்கில புடிச்சுக்கிட்டு பட்டைய ஒரு பக்கமா உரிச்சு வயித்து மேலயே போட்டுக்கிட்டு இருந்துச்சு. 20 சதவீதம் கூட செரிக்காதாமே, குடல் இன்னும் கறி திங்கற மிருகத்தோட குடல்தானாம், அதான் நாள் பூரா தின்னுக்கிட்டே இருக்கு பாவம். அங்கயே ஒரு மணி நேரம் நின்னுட்டேன். வர்ற வழில செவப்பு பாண்டா ஒண்ணு நடைபாதைல எனக்கு குறுக்க நடந்து போச்சு, பூனை மாதிரி, யாரையும் கண்டுக்கல.

துஜியாங்யானும் போனேன் நடைராசா அண்ணா. நீங்க சொன்ன கிழட்டுப் பாண்டா அதானான்னு தெரியல, ஒண்ணு பல்லு தேஞ்சு போயி, மூங்கிலுக்கு பதிலா ரொட்டி மாதிரி எதையோ உருண்டையா குடுத்தாங்க, அத ரெண்டு கைலயும் வச்சு மெதுவா சாப்பிட்டுச்சு. கூட்டமே இல்ல. ஆத்துக்கும் போனேன், எனக்கு அந்த அளவுக்கு புரியல, ஆனா தண்ணி நல்லா வேகம்.

சாப்பாட்டுல ஒரு அடி வாங்குனேன். ஹாட்பாட் எல்லாம் உஷாரா ச்சிங் யோ கேட்டு சாப்பிட்டுட்டேன், ஸ்க்ரீன்ஷாட் காட்டுனா சிரிச்சுக்கிட்டே மண்டைய ஆட்டுவாங்க. ஆனா மூணாம் நாள் காலைல நூடுல்ஸ் கடைல பசி மயக்கத்துல காட்ட மறந்துட்டேன், பாதி சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் மேல இருக்கறது என்னன்னு சந்தேகம் வந்து போன்ல படம் புடிச்சு மொழிபெயர்த்து பாத்தேன். சரி விடுங்க, அம்மாகிட்ட சொல்லல.

கடைசி நாள், ஏற்கெனவே பாத்துட்டு வந்த லெஷானுக்கு இன்னொரு தடவ போலாமா வேணாமான்னு யோசிச்சு போகல, மக்கள் பூங்கால ஹெமிங் டீக்கடைல போயி உக்காந்தேன், மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கப்பு, 25 யுவான் குடுத்தா சுடுதண்ணி ஊத்திக்கிட்டே இருக்காங்க, நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன் ஒருத்தரும் எழுந்திரின்னு சொல்லல. பக்கத்து டேபிள்ல சீட்டு, இந்தப் பக்கம் ஒரு சந்துல புள்ளைங்களுக்கு வரன் தேடி ஜாதகம் மாதிரி பேப்பர்ல எழுதி தொங்க விட்டுருக்காங்க, வயசு, சம்பளம், சொந்த வீடு இருக்கா எல்லாம், நம்ம ஞாயித்துக்கெழம பேப்பர் மாதிரியே. காது சுத்தம் பண்றவர் தலைல டார்ச் கட்டிக்கிட்டு ஏதோ கம்பிய டிங்குன்னு தட்டிக்கிட்டே வந்தாரு, ஆசைல நானும் உக்காந்துட்டேன்.

நடைராசா:

நல்லது தம்பி, ஆத்தை ஒருக்கா வெயில் நேரத்தில போய்ப் பாருங்கோ, விளங்கும். அது சரி, காது துடைச்சவர் எவ்வளவு வாங்கினவர்? என்னட்டை அநியாயமா எடுத்துப் போட்டினம்.

மூட்டைத்தூக்கி:

40 யுவான்னு ஒத்துக்கிட்டுத்தான் உக்காந்தேன் அண்ணா. நடுவுல இன்னொரு கம்பிய எடுத்து காட்டி இது ஸ்பெஷல், 80ன்னாரு. வேணாம்னு கைய ஆட்டுனேன், ஒரு காதோட நிறுத்திருவாரோன்னு பயந்தேன், நல்லவேளை சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணையும் பண்ணி விட்டாரு. வெளிய வந்ததும் பஸ் ஹார்ன் எல்லாம் காதுக்குள்ள அடிச்ச மாதிரி இருந்துச்சு.